இரட்டைக் குழந்தைகளுக்கு இருபது சதவீதம் கழிவு

எங்கள் தெருவில் ‘ஆவி வீடு எங்கே?’ என்று கேட்டால் யாரும் மிரள மாட்டார்கள். கடைசியிலிருந்து மூன்றாவது, நீலக் கதவு, கூரைக்கு மேலே வெள்ளையாக எழும்புது பாருங்க என்று கை காட்டிவிடுவார்கள். புதிதாக வந்த தபால்காரருக்கு மட்டும் நான் கொஞ்சம் விளக்கமாகச் சொன்னேன். “அந்த வீட்ல ஆவி இருக்குங்க. காலைல அஞ்சு மணிக்கு வரும், மத்தியானம் வரைக்கும் இருக்கும். மொட்டை மாடில வெள்ளை வெள்ளையா ஆடும்.” இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனாலும் அவர் ஒரு வாரம் அந்த வீட்டுக் கடிதங்களை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். அந்த ஒரு வாரத்தில் வந்த கடிதங்களில் ஒன்று முக்கியமானது என்பது எனக்கு அப்போது தெரியாது.

ஆவி என் பெரியம்மாவுடையது. வெந்நீர் ஆவி. பெரியம்மா கைக்குழந்தைகளுக்கு இடுப்பில் கட்டும் துணிகளைத் துவைத்துக் கொடுக்கிறாள். வீடு வீடாகப் போய் மூடி போட்ட பக்கெட்டில் அழுக்குத் துணியை வாங்கிவர வேண்டும். கெட்டியானதைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, சோடா உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, அண்டாவில் கொதிக்கவைத்து, சோப்புப் போட்டுக் கசக்கி, மூன்று தடவை அலசி, மாடியில் காயவைத்து, பன்னிரண்டு பன்னிரண்டாக மடித்து மறுநாள் அதே வீட்டில் சேர்க்க வேண்டும். படிக்கும்போதே மூச்சு முட்டுகிறது இல்லையா? வாசனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மற்றவர்கள் குழந்தைகளை முகத்தை வைத்து அடையாளம் சொல்வார்கள். பெரியம்மா எதிர்முனையை வைத்துச் சொல்வாள். ஊறல் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, “நாலாம் நம்பர் வீட்டுப் பயலுக்குப் பால் மாத்திட்டாங்க” என்பாள். சாயங்காலம் விசாரித்தால் மாற்றியிருப்பார்கள். ஒரு தடவை, “இந்தக் குழந்தையை இன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டச் சொல்லு” என்று ஆள் அனுப்பினாள். காட்டினார்கள். நல்ல நேரத்தில் காட்டினீர்கள் என்று டாக்டர் சொன்னாராம். அந்தக் குழந்தை இப்போது என்னைக் கல்லால் அடிக்கும் வயதுக்கு வந்துவிட்டது.

பெரியப்பா முப்பது வருடம் பஸ் கண்டக்டர். ஓய்வு பெற்ற மறுநாளே மூன்று சக்கர சைக்கிள் வண்டியில் ஏறிவிட்டார். பக்கெட்டுகளை வாங்கிவருவதும் மடித்த துணியைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவர் வேலை. விறகு பிளப்பதும் அவர்தான். அண்டா ஒரு நாளைக்குத் தின்னும் விறகைப் பார்த்தால் அதற்குத் தனியாக ஒரு ரேஷன் கார்டு வேண்டும். ஓடும் பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்துத் தொங்கியே தேய்ந்த வலது தோள் அவருக்கு. கோடாலி இறங்கும் ஒவ்வொரு தடவையும் முகம் ஒரு பக்கமாகச் சுருங்கும். இடது கையால் தலை சீவப் பழகி இரண்டு வருடம் ஆகிறது. வகிடு இன்னும் நேராக வரவில்லை.

பெரியம்மா இந்தத் தொழிலுக்கு வந்த கதை நீளம், சுருக்கிச் சொல்கிறேன். பதினெட்டு வயதில் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் சேர்ந்தாள். படுக்கை விரிப்புகளை உருளையில் கொடுத்து இஸ்திரி போடும் மெஷின்கள் வரிசையாக இருக்கும். அவளுடையது ஏழாவது. மேற்பார்வையாளர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். “ஏழு, தூங்குதா?” “ஏழு, வீட்டுக்குப் போகலாம்.” பதினோரு வருடம் ஏழாக இருந்தாள். பிறகு ஒரே பிரசவத்தில் இரண்டு ஆண் குழந்தைகள். ஒரு நாளைக்கு நாற்பது துணி. மூன்றாவது வாரம் ஒரு நாள் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து, துணியும் கையுமாக ஓவென்று அழுதாளாம். என் அம்மா அப்போது சின்னப் பெண்; ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டிலிருந்து ஆளைக் கூட்டிவந்திருக்கிறாள். வந்த பெண்மணி பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாளாம். மறுநாள் துவைத்து மடித்துக் கொண்டுவந்து வைத்தாளாம். அவ்வளவுதான்.

பையன்கள் வளர்ந்து தூர தேசத்தில் வேலைக்குப் போய்விட்டார்கள். துணி மட்டும் பெரியம்மாவை விடவில்லை. வாசலில் ஒரு பலகை தொங்கும். பெரியப்பாவின் கையெழுத்து: ‘எல்லோருக்கும் பத்து சதவீதம் கழிவு. இரட்டைக் குழந்தைகளுக்கு இருபது சதவீதம் கழிவு.’ பலகையில் இல்லாத மூன்றாவது கழிவு ஒன்று உண்டு. குழந்தை பிறந்து சில வாரம் ஆன பெண்கள் சிலர் பக்கெட்டோடு வந்து, பேச ஆரம்பித்து, பேச முடியாமல் நிற்பார்கள். அவர்களிடம் பெரியம்மா விலையே சொல்ல மாட்டாள். முடிந்ததைக் கொடு என்பாள். சிலருக்கு ஒன்றுமே முடியாது.

எல்லாம் நன்றாகத்தான் போனது, தூக்கியெறியும் நாப்பி இரட்டைப் பொட்டலமாக எல்லாக் கடையிலும் தொங்க ஆரம்பிக்கும் வரை. நாற்பது வீடு பத்தொன்பது ஆனது. இந்த வருடக் கடைசிக்குள் வேறு வழி பிறக்காவிட்டால் அண்டாவைக் கவிழ்க்க வேண்டியதுதான் என்று பெரியம்மாவே சொல்லிவிட்டாள். ஹோட்டல் மேற்பார்வையாளருக்கு எப்படியோ மூக்கில் வியர்த்திருக்கிறது. “இடம் காலியா இருக்கு, ஏழை வரச்சொல்லு” என்று ஆள்மூலம் சொல்லி அனுப்பினார். பெரியம்மா அன்றைக்குத் துணியை அடித்த அடியில் கல் உடையாதது அதிசயம்.

அப்போதுதான் பிரசவ ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ் வந்தாள். மூன்று வார்டு. தினமும் மலைபோல நாப்பிக் குப்பை. அள்ளுகிறவர்கள் அள்ள மாட்டோம் என்று சண்டைக்கு வந்துவிட்டார்களாம்.

“மூணு வார்டுக்கும் துணி குடுக்க முடியுமாம்மா? தினம் முந்நூறு. கொதிச்ச தண்ணிதான், அதுல மட்டும் சமரசம் கிடையாது.”

“இப்ப இருக்கற அண்டாவுல ஒரு கொதிக்கு நூத்தி இருபது தாண்டாதுங்க.”

“மெஷின் போடுங்க. சோலார் ஹீட்டர் போடுங்க. பசுமைத் தொழில் உதவித் திட்டம்னு கவர்ன்மென்ட்ல ஒண்ணு இருக்கு” என்று ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

தாளில் இருந்தது இதுதான். சுற்றுப்புறத்தைக் கெடுக்காத தொழில் என்றால் செலவில் பாதியை அரசாங்கம் கொடுக்கும், திருப்ப வேண்டாம். கால் பங்கு நாம் போட வேண்டும். மீதிக் கால் பங்கை ஒரு முதலீட்டாளர் போட்டு, பதிலுக்குத் தொழிலில் பங்கு எடுத்துக்கொள்வார். அவரையும் திட்டக்காரர்களே கூட்டிவருவார்கள்.

“இதென்ன, பொண்ணும் பார்த்து மாப்பிள்ளையும் அவனே பார்க்கறான்” என்றார் பெரியப்பா.

விண்ணப்பம் எழுத மூன்று சாயங்காலம் ஆனது. பெரியம்மா சொல்லச் சொல்ல பெரியப்பா எழுதினார். பதினொன்றாவது கேள்வி வரை தகராறு இல்லை. பன்னிரண்டாவது: ‘கழிவு (சதவீதத்தில்)’.

“அட, நம்ம பலகையைப் பார்த்திருக்காங்க” என்றாள் பெரியம்மா மகிழ்ச்சியாக. “எழுதுங்க. பொதுவா பத்து. இரட்டைக் குழந்தைகளுக்கு இருபது. அழுதுகிட்டு வர்றவங்களுக்குக் கேட்டதெல்லாம்.”

எழுதினார். பதின்மூன்று: ‘கழிவு எங்கே செல்கிறது?’

“எங்க போகும்? பெரும்பாலும் தெரிஞ்சவங்க வீட்டுக்குத்தான். டெய்லர் வீட்டுக்கு மட்டும் நிறுத்திட்டேன், நன்றி கெட்ட ஜென்மம்னு எழுதுங்க.”

“ஜென்மம் வேணாம். நன்றி கெட்டவர்னு மரியாதையா போடறேன்.”

பதினான்கு: ‘கழிவைக் குறைக்க எடுத்துவரும் நடவடிக்கைகள்’.

பெரியம்மாவின் முகம் மாறியது. “பார்த்தீங்களா! குடுக்கறதுக்கு முன்னாடியே கையைக் கட்டறாங்க. குறைக்க மாட்டேன்னு எழுதுங்க. ஆரம்பத்துலருந்து என்ன குடுக்கறேனோ அதையேதான் குடுப்பேன்னு எழுதுங்க. அடிக்கோடு போடுங்க.”

போட்டார். ஸ்கேல் வைத்துப் போட்டார். நானும் அங்கேதான் இருந்தேன். எனக்கும் உறைக்கவில்லை. உறைத்திருந்தாலும் வாயைத் திறந்திருப்பேனா என்று கேட்காதீர்கள்.

பார்வையிட வருகிறோம் என்று அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அதாவது, எதிர்வீட்டுக்கு வந்தது. அவர்கள் வெளியூர் போயிருந்தார்கள். எனவே ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு, பெரியம்மா முழங்கை வரை சோப்பு நுரையோடு நிற்கும்போது, நீலக் கதவைத் தள்ளிக்கொண்டு இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். ஒருவர் திட்ட ஆபீசர், ஒல்லியான இளைஞர், முகத்துக்கு மூடி, கைக்கு ரப்பர் உறை, காலுக்கு முழங்கால் வரை பூட்ஸ். பின்னால் வந்தவள் நாற்பது வயதுக்காரி, செருப்பு மட்டும் போட்டிருந்தாள். முதலீடு செய்பவர்களின் சார்பில் வந்தவள். பங்கு எடுக்க வந்ததால் அவளுக்குப் பங்கு அக்கா என்று பெயர் வைத்துவிட்டேன்.

முகமூடி ஆபீசர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து விண்ணப்பத்தைப் பிரித்தார். குரல் முகமூடிக்குள்ளிருந்து கிணற்றில் பேசுவதுபோல வந்தது.

“கழிவைத் தெரிஞ்சவங்க வீட்டுக்கு அனுப்பறதா எழுதியிருக்கீங்க.”

“ஆமாங்க. தெரிஞ்சவங்களுக்குக் குடுக்காம ரோட்டுல போறவனுக்கா குடுப்பாங்க?”

“அவங்க... வாங்கிக்கறாங்களா?”

“சந்தோஷமா வாங்கிக்கறாங்க. சில பேர் இன்னும் கொஞ்சம் போட்டுக் குடுங்கன்னு கேப்பாங்க.”

ஆபீசர் பங்கு அக்காவைப் பார்த்தார். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

“இரட்டைக் குழந்தைகளுக்கு இருபதுன்னு...”

“ரெண்டு பேர் இல்லையா தம்பி? ரெண்டு மடங்காத்தானே வரும்.”

அது நியாயமாகப் பட்டிருக்க வேண்டும். குறித்துக்கொண்டார். “இதுக்கு யார்கிட்டயாவது அனுமதி வாங்கியிருக்கீங்களா?”

“இதுக்கெல்லாமா அனுமதி? எல்லாக் கடைக்காரனும் குடுக்கறான். முனைத் துணிக்கடைக்காரன் வருஷத்துக்கு ஒரு தடவை அம்பது சதவீதம் குடுக்கறான். வாசல்லயே.”

“வாசல்லயா!”

“லைட்டு போட்டு. ஜனம் அடிச்சுக்கிட்டு வாங்குது.”

ஆபீசர் உறை போட்ட கையால் நெற்றியைத் துடைத்தார். “டெய்லர் வீட்டுக்கு மட்டும் நிறுத்திட்டதா...”

“அவன் வாங்கிட்டு, எனக்கு இது பத்தாதுன்னு தெருவெல்லாம் சொல்லிட்டான்.”

இங்கே பங்கு அக்காவுக்குத் தாங்கவில்லை. முதலில் தோள் குலுங்கியது. பிறகு சிரிப்பு பீறிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அம்மா, நீங்க தள்ளுபடியைச் சொல்றீங்களா?” என்றாள்.

“பின்ன வேற என்ன கழிவு?”

ஆபீசர் முகமூடியைக் கீழே இறக்கினார். சின்ன முகம், பாவம், வேர்த்து ஊற்றியிருந்தது. “நாங்க கேட்டது குப்பைம்மா. தொழில்ல வர்ற கழிவுப்பொருள்.”

பெரியப்பா மெதுவாக எழுந்து மாடிக்குத் துணி திருப்பப் போய்விட்டார்.

“குப்பைன்னா குப்பைன்னு கேக்க வேண்டியதுதானே!” என்றாள் பெரியம்மா. “உங்க ஆபீஸ்ல அந்த வார்த்தைக்கு என்ன பஞ்சமா?”

அதன் பிறகு ஆபீசர் உறையையும் கழற்றிவிட்டு வீடு முழுவதும் சுற்றிப் பார்த்தார். ஊறல் தொட்டி, அலசல் தொட்டி, மாடியில் காயும் துணி வரிசை. பங்கு அக்கா ஒரு துணியை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். “எத்தனை தடவை துவைச்சது?”

“ஓரத்துல சிவப்பு நூல் இருக்கா? அப்ப நூறு தாண்டிடுச்சு. இன்னும் நாலு மாசம் ஓடும். அப்புறம் மெக்கானிக் ஷெட்டுக்குத் துடைக்கப் போயிடும்.”

“அப்போ குப்பைன்னு எதுவுமே இல்லை!” ஆபீசர் விண்ணப்பத்தில் பெருமையாகப் பூஜ்யம் போட்டார். உடனே காற்று திரும்பியது. அடுப்புப் புகை அவர் முகத்தில் அறைந்தது. இருமிக்கொண்டே, “இந்தப் புகையைப் பத்தி எங்கம்மா எழுதியிருக்கீங்க?” என்றார்.

“நீங்க கேக்கவே இல்லையே.”

தாள்களைப் புரட்டிப் பார்த்தார். உண்மைதான். முப்பத்தோரு கேள்வியில் புகைக்கு ஒன்றுகூட இல்லை. “சோலார் வந்தா விறகு கால்வாசிதான் ஆகும், புகையும் குறைஞ்சிடும்” என்று அவரே நமக்காக ஒரு பதிலைச் சொல்லி, ஓரத்தில் அவரே எழுதிக்கொண்டார். நல்ல மனுஷன். நான் அவர் பூட்ஸுக்குள் ஈரத்துணி போட வைத்திருந்த திட்டத்தைக் கைவிட்டேன்.

கிளம்பும் முன் பங்கு அக்கா பெரியம்மாவின் எதிரில் உட்கார்ந்தாள்.

“எனக்கு இந்தத் தொழில் பிடிச்சிருக்கும்மா. கால் பங்கு நாங்க போடறோம். மெஷின், ஹீட்டர் ரெண்டும் வரும். மூணு வார்டும் உங்களுக்கு. ரெண்டு வருஷத்துல இன்னொரு இடத்துலயும் ஆரம்பிக்கலாம். ஒரே ஒரு விஷயம்.” அவள் தயங்கினாள். “கழிவு.”

“குப்பையா?”

“இல்லம்மா. உங்க கழிவு. ஆஸ்பத்திரிக்குப் பத்து சரி. மத்ததை நிறுத்தணும். முக்கியமா அந்த மூணாவது.”

பெரியம்மா விண்ணப்பத்தை எட்டி வாங்கி, பதினான்காம் கேள்வியை விரலால் தொட்டாள். “அதைத்தான் எழுதியே குடுத்திருக்கேனே, குறைக்க மாட்டேன்னு. தப்பா எழுதினேன்னு சிரிச்சீங்க. சரியாத்தான் எழுதியிருக்கேன் போல.”

பங்கு அக்கா இந்தத் தடவை சிரிக்கவில்லை. “அழறதுன்னா யார் வேணா அழலாம்மா. நாளைக்கு மூணு பங்கு பெருசான பிறகு, அழத் தெரிஞ்சவங்களுக்கு லாபம், தெரியாதவங்களுக்கு நஷ்டம்னு ஆயிடும்.”

“பொய்யா அழுதா பக்கெட் சொல்லிடுங்க. மூணு நாள் துணி சேர்ந்த பக்கெட்டைத் தூக்கிக்கிட்டு யாரும் நாடகம் போட வரமாட்டாங்க.”

“வெள்ளிக்கிழமை வரைக்கும் யோசிங்க” என்று நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனாள். கெட்டவள் இல்லை. அதுதான் கஷ்டமே. கெட்டவளாக இருந்தால் அன்றைக்கே ஏதாவது செய்திருப்பேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் இடி இடித்தது.

“மூணு வார்டு!” என்றார் பெரியப்பா, உட்காராமல். “மூணு வார்டு வாசல்ல வந்து ஹாரன் அடிக்குது. நீ கதவைச் சாத்தற. மாசத்துக்கு நாலு பேர் அழறதுக்காக?”

“நாலோ நாப்பதோ.”

“ஹோட்டல்ல போய் ஏழுன்னு நிப்பியா? அப்ப நீ அழுவியே, உனக்கு யாரு கழிவு குடுப்பா?”

அவர் கோபத்தில் கோடாலியை எடுத்து ஒரு கட்டையில் போட்டார். தோள் பிடித்துக்கொண்டது. கட்டையில் பாதி இறங்கிய கோடாலியை அப்படியே விட்டுவிட்டு, சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார். பெரியம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை. மிச்சத்தை நான் சாப்பிட்டேன் என்பது என் மேல் குற்றமில்லை.

மறுநாள் காலை பெரியம்மா பலகையைக் கழற்றிச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தாள். பத்து மணி வாக்கில் ஒரு பெண் வந்தாள். இருபது வயது இருக்கும். மார்பில் கட்டிய குழந்தை, கையில் பக்கெட், கைப்பிடி அறுந்து போய்க் கயிறு கட்டியிருந்தது.

“இங்க துணி துவைச்சுத் தருவாங்கன்னு...” என்று ஆரம்பித்தாள். வாக்கியத்தின் மீதி வரவில்லை. உதடு மட்டும் ஆடியது.

பெரியம்மா அவளைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தாள். “ஒரு டஜனுக்கு இவ்வளவு” என்று விலையைச் சொன்னாள். முழு விலை. அந்தக் குரல் பெரியம்மாவுடையது மாதிரியே இல்லை. ரேடியோவில் வேறு யாரோ படிப்பதுபோல இருந்தது.

அந்தப் பெண் வாதாடியிருந்தால்கூடத் தேவலாம். தலையாட்டினாள். “சரிங்க. நான் வீட்லயே பார்த்துக்கறேன்” என்று சொல்லிவிட்டு, பக்கெட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு படியிறங்கினாள். தெருவில் நாலு வீடு தாண்டுவதற்குள் இரண்டு தடவை கீழே வைத்து எடுத்தாள்.

பெரியம்மா திரும்பினாள். “என்னங்க...” என்று வாயெடுத்தாள். கூப்பிட அங்கே ஆள் இல்லை. வண்டிச் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த பெரியப்பா, எண்ணெய்க் குப்பியை அப்படியே தரையில் விட்டுவிட்டு எப்போதோ தெருவில் இறங்கியிருந்தார். அந்த வயதில் ஒரு மனிதர் அப்படிப் பெடல் போட்டு நான் பார்த்ததில்லை.

பத்து நிமிடத்தில் பக்கெட்டோடு திரும்பினார்.

“என்ன சொன்னீங்க அவகிட்ட?”

“கடைக்காரம்மாவுக்குக் காலைலருந்து காது அடைச்சிருக்கு, நீ சொன்னது அதுக்குப் புரியலைன்னு சொன்னேன். வீட்டுக்கே கொண்டுபோய் இறக்கிவிட்டேன். நாளைக்குத் துணியும் அங்கயே வரும்னு சொல்லியிருக்கேன்.”

“மூணு வார்டு?”

பெரியப்பா பக்கெட்டின் மூடியைத் திறந்து பார்த்தார், மூடினார். “மூணு நாள் துணி” என்றார். “சீக்கிரம் ஊறப்போடு.”

பெரியம்மா அன்றைக்கே பங்கு அக்காவுக்குப் போன் செய்து, கழிவை நிறுத்த மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பலகையை நான் திருப்பி மாட்டினேன். பங்கு அக்கா கோபித்துக்கொள்ளவில்லையாம். “நான் போடறது என் பணம் இல்லம்மா, பத்துப் பேரோடது. அவங்க அழுதா நான் பதில் சொல்லணும். நீங்க உங்க பக்கத்து அழுகைக்குப் பதில் சொல்றீங்க” என்றாளாம். அதோடு, ஆபீசரிடம் தானே பேசுவதாகவும் சொன்னாளாம்.

அடுத்த வாரம் ஆபீசர் வந்தார். பூட்ஸ் இல்லை. திட்டத்தில் சிறு பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அதற்கு முதலீட்டாளர் வேண்டாம். ஆனால் ஏதாவது ஒரு பொருளுக்குத்தான் உதவி கிடைக்கும். மெஷினா, சோலார் ஹீட்டரா, ஒன்றில் குறி போட வேண்டும்.

“மெஷின்தாம்மா புத்திசாலித்தனம். மெஷின் இருந்தா ரெண்டு வார்டு கிடைக்கும்னு தலைமை நர்ஸ் சொல்றாங்க. ஹீட்டர் மட்டும்னா ஒண்ணுதான்.”

“மெஷின்லயே போடுங்க” என்றார் பெரியப்பா உடனே. “இவ கையைப் பாருங்க சார். சோடா உப்புல ஊறி ஊறித் தோலே இல்லை.”

பெரியம்மா பேனாவை ஆபீசர் கையிலிருந்து வாங்கினாள். “மெஷின் வந்தா துணி ரெட்டிப்பாகும். துணி ரெட்டிப்பானா வெந்நீர் ரெட்டிப்பாகணும். வெந்நீருக்கு விறகு ரெட்டிப்பாகணும். அதை யாரு பொளப்பா? நீங்களா தம்பி?”

ஆபீசர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். பெரியம்மா ஹீட்டருக்கு நேரே குறி போட்டாள். பெரியப்பா கோபத்தில் அன்றைக்கு முழுக்க அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தேவையானதை எல்லாம் என்னிடம் சொல்லி, என்னைச் சொல்லச் சொன்னார். நான் கொஞ்சம் மாற்றிச் சொன்னேன். அவ்வளவு நல்ல வார்த்தைகளைப் பெரியம்மா அவரிடமிருந்து கேட்டு வருடக்கணக்காகியிருக்கும்.

உத்தரவு வர இரண்டு மாதம் ஆனது. இந்தத் தடவை தபால்காரர் நேராக நீலக் கதவுக்கே வந்தார். நான் அவரிடம் முன்பே மன்னிப்புக் கேட்டிருந்தேன், கிட்டத்தட்ட. ஆஸ்பத்திரி ஒரு வார்டைக் கொடுத்தது. மற்ற இரண்டும் பழையபடி தூக்கியெறியும் நாப்பிக்கே போயின. குப்பை அள்ளுகிறவர்களை எப்படியோ சமாதானப்படுத்திவிட்டார்களாம். பெரியம்மாவுக்கு அதில் வருத்தம்தான், மறைக்கவில்லை. ஒரு நாள் முழுக்க, “இருநூறு துணி” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் ஒரு வார்டும் பத்தொன்பது வீடும் சேர்ந்தால் அண்டாவைக் கவிழ்க்க வேண்டியதில்லை. ஹோட்டலுக்குச் சொல்லி அனுப்பிவிட்டாள், வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும்படி.

மாடியில் ஹீட்டர் பொருத்தி முடித்த மறுநாள் ஆஸ்பத்திரியின் முதல் மூட்டை வந்தது. வெயில் நன்றாகக் காய்ந்தது. மத்தியானம் பெரியம்மா கீழே குழாயைத் திறந்து கையை நீட்டினாள். சட்டென்று இழுத்துக்கொண்டாள். மறுபடி நீட்டினாள்.

“என்னங்க! இங்க வாங்க!”

மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியப்பா ஓடிவந்தார். “என்ன, சுட்டுடுச்சா?”

“சட்டையைக் கழட்டுங்க.”

“என்னது?”

“கழட்டுங்கன்னா. இதுல உக்காருங்க.” அலசல் தொட்டிக்குப் பக்கத்துக் கல்லில் அவரைப் பிடித்து உட்காரவைத்தாள். பக்கெட்டில் வெந்நீர் பிடித்து, கொஞ்சம் பச்சைத் தண்ணீர் விளாவி, விரலால் சூடு பார்த்து, ஒரு மடித்த துணியை அதில் முக்கிப் பிழிந்து அவர் வலது தோளில் போட்டாள்.

“ஆஸ்பத்திரித் துணிடி! மணி ஆகுது!”

“ஆகட்டும்.”

“முதல் நாளே லேட்டா போனா என்ன நினைப்பாங்க?”

“பேசாம உக்காருங்க.” அவள் துணியை எடுத்து மறுபடி முக்கினாள். அவர் முனகலை நிறுத்திக் கண்ணை மூடிக்கொண்டார். நான் மூட்டையைப் பிரித்துத் துணியை எண்ணப் போனேன். மறுநாள் வார்டுக்குத் துணி அரை மணி நேரம் தாமதமாகத்தான் போனது.